பசுமைச் சிறுமானியம்: வன்னிப் பாடசாலை ஒன்றின் பக்கத்திலிருந்து ஒரு மதிப்பீடு

இலங்கையின் வடபகுதியிலுள்ள வன்னியின் உட்கிராமப் பாடசாலைகளுக்குச் சுற்றாடல் கல்விக்கும் மரநடுகைக்கும் எனச் சில இலட்சம் ரூபாயைச் சிறுமானியமாக வழங்கும் தன்னார்வ நிறுவனம் ஒன்றின் திட்டத்தை, எமது பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் சார்பில் விண்ணப்பம் எழுதியதிலிருந்து இறுதி அறிக்கை கையளித்தது வரை நான் உடனிருந்து கவனித்தேன். நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இதே அமைப்பில் இயங்கும் திட்டங்கள் வேறும் இருப்பதால், கீழே கூறப்படும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை அவற்றுக்கும் பொருந்தும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆசிரியருக்கும் மாணவருக்கும் கற்பிக்கும் பகுதியில் இத்திட்டம் மிக நன்று, மரம் வளர்க்கும் பகுதியிலோ, நடுவதற்குப் பணம் தருகிறதே ஒழிய வளர்ப்பதற்குத் தருவதில்லை.

விண்ணப்பப் படிவம் ஆங்கிலத்தில் மட்டுமே கிடைத்தது. அதிபரே வகுப்பெடுக்க வேண்டிய நிலையிலுள்ள சிறிய பாடசாலைகளுக்கு இதுவே முதல் தடை. பட்டணத்துப் பாடசாலைகள் ஒரே மாலையில் நிரப்பி அனுப்பிவிடும் படிவத்தை, உதவி உண்மையில் தேவைப்படும் பாடசாலைகள் தொடாமலே விட்டுவிடுகின்றன. திட்ட இணைப்பாளர் தொலைபேசியில் தமிழில் பேசி, ஒவ்வொரு பகுதியையும் பொறுமையாக விளக்கியிராவிட்டால் நாங்களும் விட்டுவிட்டிருப்போம். ‘இடர்கள்’ என்ற பகுதியில் வெள்ளமும் வரட்சியும் ஏற்கெனவே அச்சிடப்பட்டிருந்தன. யானையும் கட்டாக்காலி மாடும் இல்லை. பாடசாலை வளவு கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்ட நிலந்தானா, மாணவரைக் களப்பயணத்துக்கு அழைத்துச் செல்லும் காட்டோரம் எத்தகையது என்பன பற்றியும் எந்தக் கேள்வியும் இல்லை. போர் முடிந்த 2009க்குப் பின்னர் வன்னியில் மண்வெட்டி பிடித்த எவரும் முதலில் கேட்கும் கேள்வி அதுதான் என்பதால், மேலதிகத் தாள் ஒன்றில் நாங்களே அதை எழுதி இணைத்தோம்.

பணம் தனிநபரின் கைக்கு வராமல் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வந்தது. இது பாராட்டத்தக்கது, வலயக் கல்வி அலுவலகத்துக்கும் பெற்றோருக்கும் கணக்குக் காட்டுவது இதனால் எளிதாயிற்று. ஆனால் எந்தக் கொள்வனவுக்கும் மூன்று விலைமனுக்கள் வேண்டும் என்ற நிபந்தனை, கிளிநொச்சி நகரில் குழாயும் தாங்கியும் வாங்கும்போது நியாயமாக இருந்த அளவுக்குக் கிராமத்தில் நியாயமாக இல்லை. எங்கள் ஊரில் காட்டுமர விதைகளை முளைக்கவைத்து விற்பவர் ஒரே ஒரு பெண்மணிதான். அவரிடம் கடிதத் தலைப்பும் இல்லை, பதிவிலக்கமும் இல்லை. அவரிடம் வாங்க முடியாமற்போனதால், வெளியூரிலிருந்து லொறியில் வந்த கன்றுகளைக் கூடிய விலைக்கு வாங்க நேர்ந்தது.

இத்திட்டத்தின் பெருங்குறை அதன் நாட்காட்டி. வன்னி உலர்வலயத்தைச் சேர்ந்தது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரியில்தான் கிடைக்கும். வடமாகாணத்தில் கார்த்திகை மரநடுகை மாதமாகக் கொள்ளப்படுவதற்கு இந்த மழைக்கணக்கே போதிய நியாயம்: அப்போது நட்ட கன்றுக்கு இரண்டு மாதங்கள் வானமே தண்ணீர் ஊற்றும், வேர் கீழிறங்கும், பிறகு வரும் வெயிலை அது ஓரளவேனும் தாங்கும். நிறுவனத்தின் நிதியாண்டோ ஜனவரியில் தொடங்குகிறது. கார்த்திகையில் விண்ணப்பங்களைப் பரிசீலித்து, மார்கழியில் முடிவை அறிவித்து, முதல் தவணைப் பணத்தை மாசியில் அனுப்பினார்கள். இரண்டாந் தவணையைப் பெறுவதற்கு, நட்ட கன்றுகளின் படங்களை மூன்று மாதங்களுக்குள் அனுப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆகவே ஈரம் வற்றத் தொடங்கிய மண்ணில், மாணவர் வியர்த்து ஒழுக, நூற்றுக்கும் மேற்பட்ட கன்றுகளை நட்டுப் படம் எடுத்து அனுப்பினோம். வைகாசியில் சோளகம் எழுந்தது. அந்தக் காற்று வீசும் நாட்களில் காலையில் ஊற்றிய தண்ணீரின் அடையாளம் மதியத்தில் இருக்காது. ஓகஸ்ட் விடுமுறை முடிந்து பாடசாலை திறந்தபோது உயிரோடிருந்தவை அரைவாசிக்கும் குறைவு.

இதைத் தவிர்க்க முடியாத இயற்கைச் சேதம் என்று அறிக்கையில் எழுதுவது சுலபம். அப்படி எழுதுமாறு சிலர் ஆலோசனையும் கூறினார்கள். ஆனால் கணக்கு வேறு விதமாகப் பேசுகிறது. ஒரு கன்றுக்கு இரண்டு நாட்களுக்கு ஒருமுறை 5 லீற்றர் என்று மிகச் சிக்கனமாகக் கொண்டாலும், 100 கன்றுகளுக்கு 120 நாள் வரட்சியில் 30,000 லீற்றர் தண்ணீர் வேண்டும். மானியத்தில் மழைநீர்ச் சேகரிப்புக்கென அனுமதிக்கப்பட்டது 5,000 லீற்றர் பிளாஸ்ரிக் தாங்கி ஒன்றுதான். கூரையில் குறைவில்லை: 100 சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 100 லீற்றர் தண்ணீர் விழுகிறது, ஆண்டுக்கு 1,250 மில்லிமீற்றர் என்று வைத்தால் ஒரு வகுப்பறைக் கட்டடத்தின் கூரையிலிருந்து மட்டும் 125,000 லீற்றர். சிந்தியும் ஆவியாகியும் ஐந்திலொரு பங்கு போனாலும் 100,000 லீற்றர் மிஞ்சும். தேக்கி வைக்க இடமில்லாமல் அது முற்றத்தை அரித்துக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடுகிறது. கன்றுகளுக்கு ஒதுக்கிய தொகையில் பாதியைக் குறைத்துத் தாங்கிக்கு மாற்ற அனுமதி கேட்டோம். நடப்படும் மரங்களின் எண்ணிக்கையே திட்டத்தின் அளவுகோல் என்பதால் மாற்ற முடியாது என்ற பதில், மரியாதையான மின்னஞ்சலில் வந்தது.

வேலி இன்னொரு கதை. முட்கம்பிக்கும் கொங்கிறீற் தூணுக்கும் தாராளமாகப் பணம் ஒதுக்கியிருந்தவர்கள், உயிருள்ள கொம்புகளை ஊன்றி வளர்க்கும் கதியால் வேலிக்குச் சல்லிக்காசும் ஒதுக்கவில்லை. பற்றுச்சீட்டு இல்லாத பொருளுக்குப் பணம் தர அவர்களின் விதியில் இடமில்லை. கிளுவையையும் பூவரசையும் சீமைக்கிளுவையையும் பெற்றோர் தம் வளவுகளிலிருந்தே வெட்டிக் கொண்டுவந்து மாரியில் ஊன்றியிருந்தால், மாட்டுக்கு மறிப்பும் மண்ணுக்குத் தழையும் ஒரே செலவில் கிடைத்திருக்கும். யானைக்கு இரண்டு வேலியும் ஒன்றுதான் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

மரத்தெரிவிலும் எனக்கு உடன்பாடில்லை. லொறியில் வந்தவற்றுள் பெரும்பங்கு மகோகனியும் தேக்கும். இவை விரைவாக உயர்ந்து படத்தில் நன்றாகத் தெரியும். பாலையும் முதிரையும் வீரையும் மெதுவாகவே வளரும். மூன்று ஆண்டுத் திட்டத்துக்குள் அவற்றைக் காட்டிப் பெருமைப்பட முடியாது. ஆனால் இந்தக் காட்டின் முதுகெலும்பு அவைதான். பாலைப்பழத்தைத் தின்று வளராத வன்னிப் பிள்ளை என் தலைமுறையில் இல்லை. கரடியும் பறவைகளும் அதற்காகவே பருவம் பார்த்து வருகின்றன. குளக்கரைக்கு மருது, முற்றத்துக்கு வேம்பு, வேலியோரத்துக்குப் பனங்கொட்டை என்று கேட்கும் உரிமையைப் பாடசாலைகளுக்கு விட்டிருந்தால், செலவும் குறைந்திருக்கும், பிழைத்தவற்றின் தொகையும் கூடியிருக்கும்.

இவ்வளவு குறை கூறிய பின்னும் இத்திட்டத்துக்கு விண்ணப்பிக்குமாறு பிற பாடசாலைகளுக்கு நான் கூறிவருவதற்குக் காரணம், ஆசிரியர் பயிற்சியும் அதனோடு வந்த களக்குறிப்பேடும் ஆகும். பயிற்சியாளர்கள் இருவரும் உலர்வலயத்தில் வேலை செய்து பழகியவர்கள். பளபளப்பான திரைக்காட்சிகளோடு நிறுத்தாமல், ஆசிரியர்களைப் பாடசாலை வளவைச் சுற்றி நடக்கவைத்து, எங்கே நீர் தேங்குகிறது, எங்கே மண் அரிக்கப்படுகிறது, எந்த மரத்தில் என்ன கூடு இருக்கிறது என்று வரைபடம் கீறச் செய்தார்கள். வளவின் வெவ்வேறு மூலைகளிலிருந்து மண் எடுத்து, கண்ணாடிப் போத்தலில் தண்ணீரோடு குலுக்கி வைத்து, மணலும் வண்டலும் களியும் தனித்தனிப் படையாக இறங்குவதை அளக்கும் சோதனையைக் கணித ஆசிரியரும் தம் வகுப்புக்கு எடுத்துக்கொண்டார்; விகிதமும் சதவீதமும் கற்பிக்க அதைவிட நல்ல பாடம் கிடைக்காது என்றார். மழைமானி ஒன்று தந்தார்கள். அதைக் காலையில் வாசித்துப் பதியும் பொறுப்பு ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு என்று விடப்பட்டது. மேலே நான் எழுதிய கூரைக்கணக்கு, அவர்கள் சுவரில் ஒட்டியிருந்த தாளிலிருந்து எடுத்ததுதான்.

குளத்தைப் பாடமாக்கிய விதம் இதிலும் சிறப்பு. குளமில்லாமல் வன்னியில் ஊரில்லை. ஆயினும் பாடநூலில் குளம் என்பது ஒரு படத்தோடும் இரண்டு பந்தியோடும் முடிந்துவிடுகிறது. மாணவர் அணைக்கட்டில் நடந்து, நீரை வெளிவிடும் மதகான துருசு திறக்கும் முறையைப் பார்த்து, வான் பாயும் இடத்தையும் வாய்க்கால் பிரியும் இடத்தையும் குறித்து, கமக்காரர் அமைப்பின் மூத்தவர் ஒருவரிடம் மாரிப் பயிர்ச்செய்கையான காலபோகத்துக்கும் கோடைப் பயிர்ச்செய்கையான சிறுபோகத்துக்கும் தண்ணீர் பங்கிடும் ஒழுங்கைக் கேட்டு எழுதினார்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தையும், 2020 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரையைத் தொட்ட புரேவிப் புயலையும் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவருமாறு தந்த பயிற்சியில், எந்த வீதியில் தண்ணீர் முதலில் ஏறியது, யாருடைய மாடுகள் எங்கே கட்டப்பட்டன என்பன போன்ற குறிப்புகள் வந்தன. வெள்ளம் வரும்போது கிராம அலுவலருக்கும் பயன்படக்கூடிய ஆவணம் அது. குறிப்பேடு முழுவதும் தமிழில், நம் பக்கத்துச் சொற்களோடு இருந்ததும் குறிப்பிடத்தக்கது. இவ்வளவு நன்றாகத் தமிழில் எழுதத் தெரிந்த நிறுவனம் விண்ணப்பப் படிவத்தை மட்டும் ஏன் அப்படி விட்டது என்பது எனக்கு விளங்கவில்லை.

களப்பயணத்துக்கான பேருந்துச் செலவையும் மானியம் ஏற்றது. 1938 முதல் பறவைகள் சரணாலயமாக இருந்து 2015இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட சுண்டிக்குளத்துக்கு, வலயத்தின் அனுமதியோடு மூத்த மாணவர்களை அழைத்துச் சென்றோம். களப்பு நீரில் பூநாரைக் கூட்டம் நின்றதைப் பார்த்த பிள்ளைகளுட் பலர், இத்தனைக்கும் அந்த மாவட்டத்திலேயே பிறந்தவர்கள், அதை முதன்முறையாகப் பார்க்கிறார்கள். மன்னார்ப் பக்கத்துப் பாடசாலைகள், 2010இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயத்தை இதே முறையில் பயன்படுத்தலாம். மானியத்தில் மிகக் குறைந்த பங்கு இதற்குத்தான் செலவாயிற்று. மிக அதிகமாகப் பேசப்படுவதும் இதுதான்.

கழிவு முகாமைத்துவப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று நிறத் தொட்டிகள் தந்தார்கள். தரம் பிரித்த கழிவை ஏற்றிச் செல்ல எங்கள் ஒழுங்கைக்கு எந்த வண்டியும் வருவதில்லை. 2017 செப்டெம்பரில் உணவு சுற்றும் பொலித்தீன் தாளான லஞ்ச்சீற்றும், 2023 ஒக்டோபரில் ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்ரிக் கோப்பை, கரண்டி போன்றவையும் தடைசெய்யப்பட்டமையைச் சுவரொட்டியாக்கி ஒட்டினோம். வாழையிலையிலும் உணவுப்பெட்டியிலும் சாப்பாடு கொண்டுவரும் வழக்கம் சற்றுக் கூடியிருக்கிறது. சிவப்புத் தொட்டியில் இப்போது கூட்டெருவுக்கான சாணம் கரைக்கப்படுகிறது.

அறிக்கையிடல் சுமை நடுத்தரமானது. படிவங்கள் அதிகமில்லை, கேள்விகளுக்குப் பதில் உடனுக்குடன் வந்தது, ஒருமுறை நேரில் வந்து பார்த்தவர் பிழைத்த கன்றுகளை எண்ணியதோடு நிற்காமல் பிள்ளைகளின் குறிப்பேடுகளையும் ஆறுதலாக இருந்து வாசித்தார். நிறுவனத்தின் இலச்சினையோடு பெயர்ப்பலகை நாட்டுவது மட்டும் கட்டாயம். இரும்புச் சட்டமும் கொங்கிறீற் அடித்தளமுமாக அது எந்தக் கன்றைவிடவும் உறுதியாக நிற்கிறது.

வேறு வழிகள் இல்லாமலில்லை. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் முன்னோடிகள் நிகழ்ச்சித்திட்டம் பெரும் பணத்தைத் தருவதில்லை. பதக்கப் படிகளாக மாணவரை உயர்த்திச் செல்லும் அதன் ஒழுங்கு பணம் முடிந்த பின்னும் நிலைக்கும். 1992இல் தொடங்கிய உலகச் சுற்றாடல் வசதியின் சிறுமானியத் திட்டம் பெரிய தொகைகளைக் கையாள்வது. ஆனால் அது சமூக அமைப்புகளையும் தன்னார்வ நிறுவனங்களையும் நோக்கியது என்பதால், பாடசாலை ஊர் அமைப்பொன்றோடு கைகோத்தே அணுக வேண்டும். புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் அனுப்பும் பணத்துக்கு நாட்காட்டித் தடையோ விலைமனுத் தடையோ இல்லை. தாங்கி கட்டுவதற்கும் வரட்சியில் தண்ணீர் ஊற்றும் காவலாளிக்கு மாதப்படி கொடுப்பதற்கும் அதுவே தகும். ஆனால் கட்டடமும் கடவையும் கேட்டுப் பழகிய நாங்கள் அவர்களிடம் இதைக் கேட்பதே இல்லை.

இத்திட்டத்துக்கு விண்ணப்பிக்க எண்ணும் பாடசாலைகள், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே மூன்று விடயங்களை எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. நடுகையை ஒக்டோபருக்குப் பின் தள்ளிவைக்கும் அனுமதி முதலாவது. கன்றுகளின் எண்ணிக்கையைக் குறைத்து நீர்த்தாங்கியைப் பெரிதாக்கும் அனுமதி இரண்டாவது. ஊர்க்காரரிடம் பற்றுச்சீட்டின்றி வாங்குவதற்கு, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தற் கடிதத்தை ஏற்றுக்கொள்ளும் ஒழுங்கு மூன்றாவது. எமது இறுதி அறிக்கையோடு இவற்றை அனுப்பியபோது முதலாவதை அடுத்த சுற்றிலிருந்து ஏற்பதாகவும் மற்ற இரண்டையும் நிதி வழங்குநரிடம் சமர்ப்பிப்பதாகவும் பதில் கிடைத்திருக்கிறது. பயிற்சியை மட்டும் தனியே கேட்டுப் பெற முடியுமானால், கன்று ஒன்றுகூட வேண்டாம் என்று எழுதிவிட்டு நான் அதையே கேட்பேன்.