மீட்டரைத் தொடாமலே ‘ரீபால்’ என்றார்கள்: பழைய கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு பக்கம் பழைய கிராபிக்ஸ் கார்டை ரிப்பேருக்குக் கொண்டுபோகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு 4,500 ரூபாயும் ஐந்து வாரமும் போயிற்று. கார்டில் இருந்த உண்மையான கோளாறைச் சரிசெய்யப் போட்ட சாமான் 100 ரூபாய். கடை பெயரைப் போடவில்லை, இன்பாக்ஸில் வந்தும் கேட்காதீர்கள். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, ஒரு சந்தில், மாடிப்படி ஏறிப் போகிற மாதிரி இருக்கும் நூறு கடைகளில் அதுவும் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டு ஜிஃபோர்ஸ்4 டிஐ 4200, 64 எம்பி, ஏஜிபி (அந்தக் காலத்துக் கார்டு ஸ்லாட்). 2002இல் வந்த மாடல். நான் 2003 தீபாவளி போனஸில் வாங்கினேன். வீட்டில் வாஷிங் மெஷின் வாங்கலாம் என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம். அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். பென்டியம் 4, விண்டோஸ் 98, கனமான சிஆர்டி மானிட்டர் என்று அந்தக் காலத்து செட்டை அப்படியே வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பழைய கேம் ஆடுவதற்குத்தான். வேறு நியாயம் எதுவும் என்னிடம் இல்லை.

இதில் ஒரு சின்ன விஷயம், பின்னால் தேவைப்படும். 2011இல் ஃபேனைச் சுத்தம் செய்யும்போது ஹீட்சிங்கை (சிப்பின் மேல் உட்கார்ந்து சூட்டை வாங்கும் உலோகக் கட்டி) பிடித்திருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று கையோடு உடைந்து வந்துவிட்டது. மாற்று பின் கிடைக்கவில்லை. ஒயரை உரித்து ஒரு செம்புக் கம்பியை எடுத்து, ஓட்டை வழியாக விட்டுப் பின்பக்கம் மூன்று முறுக்கு முறுக்கி, நுனியை மடித்து விட்டேன். அசிங்கமாக இருக்கும், ஆனால் ஆடாது.

போன மார்கழியில் தொந்தரவு ஆரம்பித்தது. காலையில் ஆன் செய்தால் படம் வராது. ஒரு நீள பீப், இரண்டு குட்டை பீப். அவார்ட் பயாஸ் (கம்ப்யூட்டரை எழுப்பும் புரோகிராம்) உள்ள மதர்போர்டுகளில் அதற்கு அர்த்தம், கார்டைக் காணவில்லை அல்லது கார்டு எழுந்திருக்கவில்லை. நாலைந்து தடவை ஆஃப் செய்து ஆன் செய்தால் வந்துவிடும். ஒருமுறை வந்துவிட்டால் நாள் முழுக்க ஓடும். மத்தியானம் போட்டால் முதல் தடவையே வரும். குளிர்ந்திருந்தால் மக்கர், சூடாகிவிட்டால் சரி. இதைவிடத் தெளிவாக ஒரு கார்டு தன் வியாதியைச் சொல்ல முடியாது. எனக்குத்தான் புரியவில்லை. தைக்குள் சுத்தமாகப் படுத்துவிட்டது. கார்டின் ஏஜிபி கால்களை ரப்பர் வைத்துத் தேய்த்தேன், வேறு கார்டு போட்டுப் பார்த்தேன். அது ஓடியது. ஆக, போர்டு நல்லது, கார்டு போச்சு.

கடையில் இருந்த தம்பி கார்டை வாங்கி வெளிச்சத்தில் ஒரு திருப்பு திருப்பினார். மேசையில் மல்ட்டிமீட்டர் இருந்தது, அதைத் தொடவில்லை.

“சார், சிப் லூஸ் ஆயிருக்கு. உள்ள பால் எல்லாம் கிராக். லீட் ஃப்ரீ ஈயம் சார், இப்படித்தான் ஆவும். ரீபால் பண்ணா பக்காவா வந்துரும்.”

ரீபால் என்றால், சிப்பைப் போர்டிலிருந்து சூடாக்கிக் கழற்றி, அடியில் இருக்கும் நூற்றுக்கணக்கான ஈய உருண்டைகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, புது உருண்டை வைத்துத் திரும்ப ஒட்டுவது. உண்மையிலேயே செய்தால் நுணுக்கமான வேலை, அதற்கு 4,000 கேட்பதில் தப்பில்லை. செக்கிங் 500 தனி. ஆயிரம் அட்வான்ஸ் ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்டேன். “டெலிவரி அப்ப போட்டுத் தரேன் சார்” என்றார். சரி என்று வந்துவிட்டேன். இதில் என் முட்டாள்தனத்துக்கும் பங்கு உண்டு: கார்டை முன்னும் பின்னும் ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை.

அந்த ‘லீட் ஃப்ரீ’ என்ற வார்த்தையிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எலக்ட்ரானிக் சாமான்களில் ஈயத்தைத் தடுத்த ஐரோப்பியச் சட்டம் அமலுக்கு வந்தது 2006 ஜூலையில். அதை ஒட்டித்தான் உலகம் முழுக்க ஈயமில்லாத சோல்டருக்கு மாறினார்கள். 2002 கார்டில் இருப்பது பெரும்பாலும் பழைய ஈய சோல்டர். 183 டிகிரியில் உருகும், வளைந்து கொடுக்கும், அவ்வளவு சுலபத்தில் விரிசல் விடாது.

பத்து நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. “வொர்க் போய்ட்டு இருக்கு சார்.” மைக்ராஸ்கோப்பில் எடுத்த மாதிரி பளபளவென்று ஒரு சிப். பெரிதாக்கிப் பார்த்தேன். சிப்பின் மேல் ஜி86 என்று எழுதியிருந்தது. என் கார்டில் இருப்பது என்வி25. ஜி86 என்பது 2007இல் வந்தது, அந்தக் காலத்து லேப்டாப்புகள் பலவற்றில் இருந்தது. போன் செய்தால், “பட்டறையில தப்பான படம் அனுப்பிட்டாங்க சார், உங்களுது பக்கத்துல இருக்கு” என்றார். நம்பினேன்.

அந்தப் படத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ரீபால் என்ற வார்த்தையைக் கடைக்குக் கடை பரப்பியதே அந்தத் தலைமுறை லேப்டாப் சிப்புகள்தான். கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2008 ஜூலையில் அவற்றைத் தயாரித்த என்விடியாவே அதற்காக 150 முதல் 200 மில்லியன் டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. அதில்கூடக் கோளாறு சிப்புக்கு அடியில் கண்ணுக்குத் தெரியும் உருண்டைகளில் இல்லை. உள்ளே, சிலிக்கானையும் அதன் பச்சைப் பலகையையும் இணைக்கும் குட்டிப் புள்ளிகளில். வெளி உருண்டையை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. சூடு பட்டதில் கொஞ்ச நாள் ஓடும், கடை வாரண்டி முடிந்ததும் படுக்கும். ஒரு லேப்டாப் வியாதிக்கான அரைகுறை மருந்தை இன்றுவரை எல்லா கார்டுக்கும் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று வாரம் கழித்துக் கார்டு வந்தது. கடையிலேயே போட்டுக் காட்டினார், படம் வந்தது. மீதி 3,500ஐக் கேஷாகத்தான் வேண்டும் என்றார், கொடுத்தேன். பில் புக் தீர்ந்துவிட்டதாம். கார்டின் பின்னால் ஒரு வாரண்டி ஸ்டிக்கரை ஒட்டி, 15 நாள் என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார்.

பதினோராவது நாள் காலை, ஒரு நீளம், இரண்டு குட்டை.

திரும்பக் கொண்டுபோனேன். இந்தத் தடவையும் மீட்டர் மேசையிலேயே கிடந்தது. “சிப் சூப்பரா இருக்கு சார், இப்ப மெமரி போயிருச்சு, இது வேற கம்ப்ளைன்ட், வாரண்டில வராது. 2,500 ஆவும்.” வாயைத் திறக்காமல் கார்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் டியூப்லைட் வெளிச்சத்தில் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. என் செம்புக் கம்பி. அதே மூன்று முறுக்கு, மடித்த நுனி, அதன்மேல் படிந்த கறுப்புத் தூசி. ஹீட்சிங்கைக் கழற்றாமல் சிப்பைக் கழற்ற முடியாது. கம்பியை அவிழ்க்காமல் ஹீட்சிங்கைக் கழற்ற முடியாது. ஆத்திரத்தில் நானே அவிழ்த்தேன். உள்ளே 2011இல் நான் தடவிய சூடு கடத்தும் பேஸ்ட், காய்ந்த சுண்ணாம்பு மாதிரி, ஒரு விரிசல்கூட இல்லாமல் சிப்பையும் ஹீட்சிங்கையும் பிடித்துக்கொண்டிருந்தது. நெம்பித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அப்போ பதினோரு நாள் எப்படி ஓடியது? அதற்கான பதிலும் கார்டிலேயே இருந்தது. சிப்புக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் நான்கு கெப்பாசிட்டர்களின் (கரண்ட்டைத் தேக்கிச் சீராக்கும் குட்டி உருளைகள்) பிளாஸ்டிக் உறை சுருங்கி மேலே ஏறி, அடியில் அலுமினியம் வெள்ளையாகத் தெரிந்தது, கட்டை வேட்டி கட்டிய மாதிரி. சூடான காற்றடிக்கும் ப்ளோயரை வைத்துக் காட்டு காட்டென்று காட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான் 4,000 ரூபாய் வேலை.

அலுவலக நண்பர் ஒருவர் கொரட்டூரில் இருக்கும் பழைய டிவி மெக்கானிக்கிடம் அழைத்துப் போனார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கிராபிக்ஸ் கார்டு எல்லாம் தெரியாது என்றுதான் பேச்சையே தொடங்கினார். “ஆனா கரண்ட்டு எல்லாத்துக்கும் ஒண்ணுதான் தம்பி.” முதலில் கையில் எடுத்தது மீட்டர். கார்டைப் போடாமலே, பிராக்கெட் தகரத்தில் ஒரு முனை, சப்ளை காயிலின் காலில் இன்னொரு முனை வைத்து ஓம்ஸ் பார்த்தார். சில ஓம் காட்டியது. பெரிய சிப்புகளுக்கு அது சகஜம், மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டால் என்ன காட்டுமோ அதையே காட்டினால்தான் ஷார்ட் என்றார். அப்புறம் போர்டில் போட்டு வோல்டேஜ் பார்த்தார். சிப்புக்குப் போகும் சப்ளை ஒன்றரை வோல்ட்டை ஒட்டி, சரியாகவே இருந்தது.

“எல்லாம் இருக்கே அண்ணே” என்றேன்.

“மீட்டர் ஆவரேஜ் சொல்லும் தம்பி. உள்ள என்ன கூத்து நடக்குதுன்னு அதுக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டு, துணி போர்த்தியிருந்த சிஆர்ஓவை (வோல்டேஜ் ஏறி இறங்குவதைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) ஆன் செய்தார். பச்சைத் திரையில் நேர்கோடாக வர வேண்டியது ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கியது. ஒரு கெப்பாசிட்டரைக் கழற்றினார். அவர் அதைக் கண்டென்சர் என்றுதான் சொல்வார். உடம்பில் 1500 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட், எவ்வளவு தேக்கும் என்ற அளவு) என்று எழுதியிருந்தது, மீட்டரில் 190. கெப்பாசிட்டரின் உள் தடையை அளக்கும் இஎஸ்ஆர் மீட்டரில் கிட்டத்தட்ட 3 ஓம். புதிதாக இருந்தால் ஒரு ஓமில் நூறில் சில பங்குதான் காட்டும். தலை உப்பவில்லை, ஒழுகவில்லை, வெளியே பார்த்தால் புத்தம் புதிது. உள்ளே இருக்கும் திரவம் வறண்டு போயிருந்தது. கெப்பாசிட்டர் போனால் தலை உப்பும் என்றே நாம் பழகியிருக்கிறோம், 2000க்குப் பின் வந்த தைவான் கெப்பாசிட்டர்கள் அப்படி உப்பி வெடித்துப் பேர் வாங்கியதால். சத்தமில்லாமல் காய்ந்து போகிறவையும் உண்டு.

மார்கழி மர்மமும் அங்கேயே தீர்ந்தது. மிச்சமிருக்கும் திரவம் குளிர்ந்தால் இன்னும் மந்தம், சூடானால் கொஞ்சம் உயிர் வரும். ப்ளோயர் சூட்டில் வந்த உயிர்தான் அந்தப் பதினோரு நாள். அதே சூடு மிச்சத்தையும் வற்ற வைத்துவிட்டது. சிப் வேகாமல் தப்பியது என் அதிர்ஷ்டம்.

அதே ரிச்சி தெருவில், நரசிங்கபுரம் தெரு திருப்பத்தில் ஒரு உதிரிபாகக் கடையில், 1500 எம்எஃப்டி 6.3 வோல்ட், லோ இஎஸ்ஆர், 105 டிகிரி என்று கேட்டு வாங்கினேன். ஒன்று 25 ரூபாய், நான்கு போட்டோம். உண்மையான ஆட்களும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அண்ணன் கூலி கேட்கவில்லை. வற்புறுத்தி 500 வைத்துவிட்டு வந்தேன்.

கார்டு ஓடியபின், கழற்றிய நான்கையும் வாட்ஸ்அப் படத்தையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளியே இருந்தார். காய்ந்த பேஸ்ட் கதையைச் சொன்னதும் தம்பியைப் பார்த்தார், தம்பி தரையைப் பார்த்தார். நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யப் போகிறேன் என்றேன். 2019 நுகர்வோர் சட்டப்படி கேட்டும் பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் வரைக்குமான வழக்குக்குக் கட்டணமே கிடையாது என்றும் சொன்னேன். என்னிடம் இருந்த ஆதாரம் ஜிபேயில் போன அந்த ஆயிரம் மட்டும்தான், அதை அவரிடம் சொல்லவில்லை. கால் மணி நேரம் இழுத்துவிட்டு 2,000 அனுப்பினார். மீதி 2,500 “ரீபால் மெட்டீரியல் காஸ்ட் சார்” என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். எனக்கும் தெம்பு தீர்ந்துவிட்டது, வந்துவிட்டேன்.

நீங்கள் கொடுக்கப் போனால், எந்த சப்ளையில் எத்தனை வோல்ட் வருகிறது என்று கேளுங்கள். நம்பராகப் பதில் வராவிட்டால் கார்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கும் முன் இரண்டு பக்கமும் போட்டோ, ஹீட்சிங்க் பின் மேல் ஒரு துளி நெயில் பாலிஷ், கழற்றினால் தெரிந்துவிடும். பணம் முழுவதும் ஆன்லைனில் மட்டும். ரீபால் என்று சொன்னால் சிப் இல்லாத போர்டை, உங்கள் போர்டை, படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அன்றைக்குப் பத்தாக வாங்கியதில் ஆறு மீதி இருக்கின்றன. அம்பத்தூர், கொரட்டூர் பக்கம் யாருக்காவது 1500க்கு 6.3 தேவைப்பட்டால் சொல்லுங்கள், காசு வேண்டாம். அப்புறம், அந்த ஹீட்சிங்க் பிளாஸ்டிக் பின் யாரிடமாவது இருந்தால் எனக்கு ஒன்று வேண்டும். இன்னும் செம்புக் கம்பிதான்.