கண்ணாடியிழையை அறுக்கும் கருவிகளும் பிளேடுகளும்: ஒன்பது ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

ஃபைபர்கிளாஸ் தகடுகளையும் வார்ப்புகளையும் அறுத்துச் சீராக்கும் வேலையில் ஒன்பது ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறேன். படகுப் பாகங்கள், தொட்டிகள், கூரைத் தகடுகள் என 2 மில்லிமீட்டர் முதல் 12 மில்லிமீட்டர் கனம் வரை அறுத்திருக்கிறேன். தொடக்கத்தில் எந்தக் கருவி விரைவாக அறுக்கும் என்பதை மட்டுமே பார்த்தேன். இப்போது, எந்தக் கருவி எழுப்பும் தூசியை என்னால் எழும் இடத்திலேயே பிடிக்க முடியும் என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

இந்தப் பொருள் பிளேடுகளை இவ்வளவு விரைவில் தின்றுவிடுவதற்குக் காரணம் அதன் இரட்டை இயல்பு. இழை கண்ணாடி என்பதால் எஃகுப் பல்லின் கூர்மையைத் தேய்த்து மழுக்கிவிடுகிறது. இழைகளைப் பிணைக்கும் ரெசினோ சூடேறினால் இளகி, பிளேடின் விளிம்பில் அப்பிக்கொள்கிறது. மழுங்கிய பிளேடு மேலும் சூட்டை உண்டாக்கும், சூடு மேலும் ரெசினை அப்பச் செய்யும். மேலும் கீழும் இயங்கி அறுக்கும் ஜிக்சா என்னும் மின்ரம்பத்தில், மரம் அறுக்கும் பிளேடு ஒன்றை முதன்முதலாகப் போட்டபோது, ஒரு மீட்டர் முடிவதற்குள் அது வெட்டுவதை நிறுத்தி உரசத் தொடங்கியது. கருகிய வாடை வந்தது. பெரிய பற்கள் அடுக்குகளைக் கொக்கி போல இழுத்துப் பிரித்ததால் விளிம்பும் பாழானது.

இந்த வேலைக்குப் பல் வைத்து வெட்டும் பிளேடைவிட, துகள் கொண்டு அராவி அறுக்கும் பிளேடே ஏற்றது என்பது அன்றிலிருந்து இன்றுவரை மாறாத என் முடிவு. ஜிக்சாவில் பற்களே இல்லாமல் விளிம்பு முழுவதும் கார்பைடு என்னும் மிகக் கடினமான பொருளின் துகள் பதித்த பிளேடைத்தான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். வேகம் குறைவுதான், ஆனால் வளைவுகளுக்கு இதைவிட நல்லதை நான் காணவில்லை. பிளேடை முன்னும் பின்னும் ஆட்டும் ஜிக்சாவின் ஊசலாட்ட அமைப்பைப் பூஜ்ஜியத்தில் வைத்து, தகட்டை வெட்டுக்கோட்டுக்கு அருகிலேயே இறுக்கிப் பிடித்து, கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டினால் ஜெல்கோட் எனப்படும் வழவழப்பான மேற்பூச்சு சில்லுச்சில்லாகப் பெயர்வது பெரிதும் குறையும்.

நீண்ட நேர்க்கோட்டு வெட்டுக்கு ஆங்கிள் கிரைண்டரில் டைமண்ட் டிஸ்க். இரும்பு அறுக்கும் மெல்லிய டிஸ்க்கும் ஃபைபர்கிளாஸை அறுக்கும் என்பது உண்மை. ஆனால் அது தேயத் தேய விட்டம் சுருங்கி வெட்டின் ஆழம் மாறுகிறது, தன் பொடியையும் தூசியோடு சேர்க்கிறது, பக்கவாட்டில் சற்றுத் திருகினாலே உடைந்து தெறிக்கிறது. விளிம்பு பிளவுபடாத டைமண்ட் டிஸ்க் ஜெல்கோட்டில் சுத்தமான வெட்டைத் தருகிறது. அது மந்தமானதாகத் தோன்றினால் பெரும்பாலும் தேய்ந்திருக்காது. ரெசின் பூசிக்கொண்டு வைரத் துகள்களை மறைத்திருக்கும். மென்மையான செங்கல்லில் சில முறை வெட்டினால் துகள்கள் மறுபடியும் வெளியே தெரியும். என் டிஸ்க் ஒன்றை இவ்வாறே நான்கு ஆண்டுகள் ஓட்டினேன்.

கிரைண்டரின் சுழல்வேகத்தைவிட டிஸ்க்கில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம் குறைவாக இருக்கவே கூடாது. டிஸ்க்கைச் சுற்றியுள்ள கூண்டுக் காப்பைக் கழற்றக் கூடாது. மரம் அறுக்கும் பல் டிஸ்க்கைக் கிரைண்டரில் மாட்டுவதை எவர் பரிந்துரைத்தாலும் ஏற்காதீர்கள். அது சிக்கிக்கொண்டால் கருவி முழு விசையோடு அறுப்பவரை நோக்கித் துள்ளும்.

ஆனாலும் கிரைண்டரை நான் இப்போது கடைசியாகத்தான் எடுக்கிறேன். அத்தனை வேகத்தில் சுழலும் டிஸ்க் பொடியை அறை முழுவதும் வீசுகிறது. அதிர்வு முறையில் இயங்கும் மல்டி டூலில் டைமண்ட் துகள் பதித்த அரைவட்ட பிளேடைப் போட்டால் தூசி வெட்டின் அருகிலேயே விழுகிறது. நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள தூசி உறிஞ்சியின் குழாயை அங்கேயே பிடித்துக்கொண்டால் பெரும்பகுதி உள்ளே போய்விடுகிறது. நேரம் மும்மடங்கு ஆகிறது. அதை நான் இழப்பாகக் கருதவில்லை, ஏனெனில் முதல் ஆண்டில் ஒரு மூடிய கொட்டகைக்குள் முகத்தில் துணியை மட்டும் கட்டிக்கொண்டு அரை நாள் கிரைண்டரால் அறுத்துவிட்டு, மூன்று நாட்கள் இருமலோடும் கழுத்து அரிப்போடும் தூக்கமின்றிக் கிடந்தவன் நான்.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-இல், தொடர் கண்ணாடியிழையை, அதாவது ஃபைபர்கிளாஸை வலுவூட்டும் நீண்ட இழையை, மனிதரில் புற்றுநோய் உண்டாக்குவதாக வகைப்படுத்த இயலாதவற்றின் பட்டியலில், அதாவது மூன்றாம் பிரிவில், வைத்தது. இதைச் சிலர் கவசமின்றி வேலை செய்யலாம் என்பதற்கான அனுமதியாகப் படிக்கிறார்கள், அது தவறு. கண், தோல், தொண்டை ஆகியவற்றின் எரிச்சல் அந்த வகைப்பாட்டால் நீங்கிவிடாது. அறுக்கும்போது எழும் பொடியில் இழைத் துணுக்குகளோடு ரெசின் தூசியும் கலந்திருக்கிறது. குறைந்தது என்95 மாஸ்க் வேண்டும். நெடுநேர வேலைக்கு முகத்தோடு இறுகப் பொருந்தும், நுண்துகள்களை ஏறக்குறைய முழுதும் தடுக்கும் பி100 வடிகட்டி போட்ட ரப்பர் மாஸ்க்கையே நான் அணிகிறேன். தாடி இருந்தால் இரண்டுமே சரியாகப் படியாது. பாலியெஸ்டர் ரெசின் முழுதாக இறுகாத வார்ப்பிலிருந்து, அதில் கலந்திருக்கும் ஸ்டைரீன் என்னும் கரிம வேதிப்பொருளின் ஆவி வரும். தூசி மாஸ்க் அதைத் தடுக்காது, கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் தனியே வேண்டும். கண்ணுக்குப் பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி, காதுக்குக் காப்பு, மணிக்கட்டில் டேப் சுற்றிய முழுக்கைச் சட்டை ஆகியவற்றை நான் தவிர்ப்பதே இல்லை.

வேலை முடிந்ததும் காற்றழுத்தக் குழாயால் உடையை ஊதுவது பலரிடம் உள்ள பழக்கம். அது இழையைத் தோலுக்குள்ளும் காற்றுக்குள்ளும் செலுத்துகிறது. தோலைத் தேய்க்காமல், ஓடும் நீரிலும் சோப்பிலும் கழுவ வேண்டும். அந்த உடைகளை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.

நீங்களே வார்ப்பவராக இருந்தால், ரெசின் தோல் போல விறைத்து, முழுதாக இறுகாமல் இருக்கும் இடைநேரத்தைத் தவறவிடாதீர்கள். அப்போது கூரிய கத்தியாலேயே விளிம்பைச் சீவிவிடலாம். தூசி என்பதே அநேகமாக இல்லை. அந்த நேரத்தில் ஆவி மாஸ்க்கும் கையுறையும் கட்டாயம். இறுகிய பின் மிஞ்சும் சிறு திருத்தங்களுக்கு, ஹேக்சா சட்டத்தில் கார்பைடு துகள் ஒட்டிய கம்பியை மாட்டி, மேலே நீரைச் சொட்டவிட்டுக் கையாலேயே அறுக்கிறேன். மின்கம்பி இணைந்த கிரைண்டரின் அருகில் நீரைக் கொண்டுவர முடியாது. இந்தக் கைக்கருவிக்கு அந்த அச்சம் இல்லை, பொடியும் சேறாகி நின்றுவிடுகிறது. அந்தச் சேற்றை மட்டும் காயும் முன்பே துடைத்தெடுத்துவிட வேண்டும். காய்ந்தால் மறுபடியும் தூசிதான்.