சீருடையா, சேவை மையமா, கறுப்பு அங்கியா: பினாங்கு சட்டமன்றத்துக்கு யார் தோது?

மலேசியாவின் பினாங்கில் மாநிலத் தேர்தல் பேச்சு எழும்போதெல்லாம் பிறை, பட்டர்வொர்த் பக்கம் ஒரு வகை வேட்பாளருக்குத் தனி மவுசு உண்டு. முன்னாள் படைவீரர், ஓய்வுக்குப் பிறகு சொந்தத் தொழில். "இராணுவத்தில் இருந்தவர், நேர்மையாக இருப்பார். கையில் காசு இருக்கிறது, நம் காசில் கை வைக்க மாட்டார்" என்று தேநீர் ஆறுவதற்குள் இரண்டு நற்சான்றிதழ் கொடுத்துவிடுவார்கள். அவருக்கு எதிரே வழக்கமாக இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவர், ஒய்பியின் (மக்கள் பிரதிநிதியின்) சேவை மையத்தில் ஆண்டுக்கணக்கில் மனு எழுதிக் கொடுத்த கட்சித் தொண்டர். இன்னொருவர் வழக்கறிஞர். நான் எந்தத் தனி மனிதரையும் மனத்தில் வைத்து எழுதவில்லை. இந்த மூன்று வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் வேலை என்ன என்று பார்ப்போம். பினாங்கு சட்டமன்றத்தில் 40 இடங்கள். 2023 ஆகஸ்டு 12 தேர்தலில் ஆளும் தரப்பு 29 இடங்களையும் எதிர்க்கட்சிக் கூட்டணியான பெரிக்காத்தான் 11 இடங்களையும் பிடித்தன. அந்த அவை எதைத் தீர்மானிக்கிறது? நிலம், தண்ணீர், ஊராட்சி மன்றங்கள். பள்ளிக்கூடம், மருத்துவமனை, போலீஸ், குடியுரிமை, தற்காப்பு எல்லாம் கூட்டரசின், அதாவது மத்திய அரசின் கையில். ஆகவே முன்னாள் வீரர் மேடையேறி, படைவீரர் ஓய்வூதியத்துக்காகக் குரல் கொடுப்பேன் என்றால் கைதட்டல் கிடைக்கும், காரியம் ஆகாது. அது நாடாளுமன்றத்தில் பேச வேண்டிய பேச்சு. அவர் உயிரைக் கொடுத்துக் கற்ற பொருள் எதுவோ, அது இந்த அவையின் வாசலுக்கே வராது.

அதற்காக அவருடைய படைச் சேவையைத் தள்ளிவிட முடியாது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் வந்த வெள்ளம் இங்கே யாருக்கும் மறந்திருக்காது. மாநில அரசே நள்ளிரவு கடந்து இராணுவ உதவி கேட்க வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட இரவில் யாரை எந்தப் படகில் ஏற்றுவது, முதியவர்களை எந்த மண்டபத்துக்குக் கொண்டு போவது என்று பதறாமல் முடிவெடுக்கிற ஆள் தொகுதியில் இருப்பது பெரிய பலம். அந்த இடத்தில் வழக்கறிஞரைவிட நூறு மடங்கு பயன்படுவார். ஆனால் ஐந்தாண்டுப் பதவிக் காலத்தில் அப்படி எத்தனை இரவுகள் வரும்?

அவருடைய மறுபாதி, அதாவது தொழில், எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. 21 ஆண்டு சேவை முடித்து ஓய்வூதியத்தோடு வெளியே வரும் சிப்பாய்க்கு வயது நாற்பதுதான் இருக்கும். வீட்டில் உட்காருகிற வயதில்லை. பலர் பாதுகாவலர் நிறுவனம் தொடங்குகிறார்கள். சிலர் லாரி ஓட்டுகிறார்கள், பட்டறை வைக்கிறார்கள், உணவகம் திறக்கிறார்கள். "தொழிலதிபர்" என்று சுவரொட்டியில் ஒரே சொல்லில் போட்டுவிட்டாலும் இவையெல்லாம் ஒன்றல்ல. உணவகம் நடத்தியவருக்கு மாநகர் மன்றத்தின் உரிமம், விளம்பரப் பலகைக் கட்டணம், கழிவுநீர்ச் சோதனை என்று ஒவ்வொரு முகப்பிடமும் தெரியும். எந்த அதிகாரியின் மேசையில் கோப்பு தூங்கும் என்பதைப் பட்டறிவில் கற்றவர் அவர். சட்டமன்றத்துக்கு அது நேரடியாக உதவுகிற கல்வி. பாதுகாவலர் நிறுவனத்துக்கோ உரிமம் தருவது உள்துறை அமைச்சு. அவர் கற்ற வழி, மத்திய அரசு இருக்கும் புத்ராஜெயாவுக்குப் போகிற வழி.

அதோடு, அந்த நிறுவனத்தின் காவலர்கள் யார் வாசலில் நிற்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். தொழிற்சாலைகள் என்றால் கவலையில்லை. மாநகர் மன்றக் கட்டடத்திலும் மாநில அரசு நிறுவனத்திலும் அவருடைய ஆட்கள்தான் நிற்கிறார்கள் என்றால், அவையில் எழுந்து அந்த மன்றத்தைக் கேள்வி கேட்பாரா? சொந்தக் காசு இருப்பவர் கை வைக்க மாட்டார் என்ற நம்பிக்கை எனக்கு என்றுமே புரிந்ததில்லை. இன்னொன்று, தொழில் செய்கிறவர் வங்கிக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பார், நண்பருக்கு ஜாமீன் நின்றிருப்பார். திவால் என்று அறிவிக்கப்பட்டால் பதவிக்கான தகுதியே போய்விடும். மாதச் சம்பளக்காரருக்கு இந்த ஆபத்து குறைவு.

வழக்கறிஞரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சட்ட முன்வரைவைப் படிக்கத் தெரியும், பேசத் தெரியும், அதிகாரியின் கடிதத்துக்கு அதே மொழியில் பதில் எழுதத் தெரியும். தொகுதிக்கு வருவாரா என்பதுதான் கேள்வி.

சேவை மையத்துத் தொண்டரை நாம் குறைத்து எடைபோடுகிறோம் என்று நினைக்கிறேன். பட்டர்வொர்த்தில் எந்தச் சேவை மையத்துக்காவது வார நாள் காலையில் போய் உட்கார்ந்து பாருங்கள். மலிவு விலை அடுக்குமாடியில் லிஃப்ட் ஓடவில்லை என்று மூட்டுவலிக்கார அம்மா ஒருவர் ஏழாம் மாடியிலிருந்து இறங்கி வந்திருப்பார். அடுத்த நாற்காலியில், இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே வரும் நிலவரிப் பட்டியலை நாலாக மடித்து வைத்துக்கொண்டு ஒருவர். "அண்ணே, இதை யாரிடம் மாற்றுவது?" என்பார். தொண்டர் அந்தத் தாளை விரித்து, மேலே உள்ள எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, எந்த நில அலுவலகம், என்ன படிவம், இறப்புச் சான்றிதழோடு வேறு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுவார். ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டு, பிறகு 1976ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அடியோடு போய்விட்டது. மாநகர் மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. அதனால்தான் சாக்கடை அடைப்புக்கும் மக்கள் ஒய்பியிடம் வருகிறார்கள். இந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவர் தொண்டர் ஒருவர்தான்.

அவருடைய குறை வேறு. சின்னச் சிக்கலைத் தீர்த்துத் தீர்த்துப் பெரிய சிக்கலைக் கட்சி பார்த்துக்கொள்ளும் என்று பழகிவிடுவார். கம்போங் புவா பாலாவை நினைத்துக்கொள்ளுங்கள். மாடு வளர்த்துப் பிழைத்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த இடம். நிலத்தைக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்குக் கொடுக்கும் முடிவை எடுத்தது முந்தைய மாநில ஆட்சி. 2009 செப்டம்பரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது இருந்தது 2008இல் வந்த புதிய ஆட்சி. கூட்டரசு நீதிமன்றம் வரை போயும் குடியிருந்தவர்களுக்கு வழக்கு சாதகமாக முடியவில்லை. நிலம் கைமாறிய பிறகு வழக்கறிஞரால் முடிந்தது குறைவு. சேவை மையத்தின் வழக்கமான மனுக்களில் அடங்குகிற சிக்கலும் அல்ல அது. கிராண்ட் (நிலப் பட்டா) யார் பெயரில் இருக்கிறது, விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே மோப்பம் பிடிக்கிற ஆள் வேண்டியிருந்தது. நிலம் வாங்கி விற்று அடிபட்ட வியாபாரிக்கு அந்த மூக்கு உண்டு. நம் முன்னாள் வீரர் அப்படிப்பட்ட வியாபாரியா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

செலவு விஷயத்தில் மூவருக்கும் விதி ஒன்றே. சட்டமன்றத் தொகுதிக்கு வைப்புத் தொகை 5,000 ரிங்கிட், செலவு உச்சவரம்பு 100,000 ரிங்கிட். எட்டில் ஒரு பங்கு வாக்குக் கிடைக்காவிட்டால் வைப்புத் தொகை போச்சு. சுயேச்சையாக நிற்கும் வீரர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது. மார்பில் இருக்கும் பதக்கத்துக்கு மரியாதை கொடுத்தவர்களே வாக்குச்சீட்டில் கட்சிச் சின்னத்தைத் தேடுவார்கள்.

கட்சிச் சின்னத்தில் நின்றாலோ வேறு சிக்கல். கட்சித் தாவலைத் தடுக்கும் விதியைப் பினாங்கு 2012லேயே கொண்டுவந்துவிட்டது. 2023 மார்ச்சில் நான்கு உறுப்பினர்களின் இடங்களை அவையே காலியானதாகத் தீர்மானித்தது. உறுப்பினர் கட்சியை மீறுவது இனி எளிதல்ல. கட்டளைக்குக் கீழ்ப்படிந்தே இருபது ஆண்டு கழித்தவர் அங்கே எப்படி இருப்பார்? மேலே இருப்பவர் சொன்னால் சரி என்கிற பழக்கம் முகாமில் உயிர் காக்கும். பின்வரிசையில் அது வாயை மூடிக்கொண்டு உட்கார வைக்கும். இந்த விஷயத்தில் தொண்டரும் அவருக்குச் சளைத்தவரல்லர். வழக்கறிஞர் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிப்பார்.

இத்தனையும் வைத்துப் பார்த்தால் என் வரிசை இது. பிறை மாதிரித் தொழிற்பேட்டையும் அடுக்குமாடியும் நிறைந்த தொகுதிக்கு முதலிடம் தொண்டருக்கு. மாநில அரசோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத தொழிலும், மாநகர் மன்றத்திலோ கிராமச் சமூக நிர்வாக மன்றத்திலோ இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்த அனுபவமும் முன்னாள் வீரருக்கு இருந்தால் அவரை மேலே தூக்கி வைப்பேன். சீருடையில் எடுத்த படமும் நிறுவனத்தின் பெயரும் மட்டும் இருந்தால் மூன்றாமிடம்தான்.