அளவெடுத்துச் செய்த இன்-இயர்: பதினான்கு மாதங்கள் மேடையில் பயன்படுத்திய பிறகு

மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவருக்கு மேடையில் கிடைக்கும் மானிட்டர் (குழுவின் ஒலியை வாசிப்பவருக்கே கேட்கவைக்கும் ஸ்பீக்கர்), பாடகர்களுக்கும் கீபோர்டுக்கும் வைத்ததுபோக மிஞ்சிய ஒற்றை வெட்ஜ்தான், அதாவது தரையில் சாய்வாக வைக்கும் பெட்டி. வரவேற்பு மண்டபத்தின் சுவர்களில் மோதித் திரும்பும் இரைச்சலுக்கு நடுவே பேஸ் கிட்டார் கேட்க வேண்டுமென்றால் அந்த வெட்ஜின் ஒலியை ஏற்றச் சொல்ல வேண்டும். ஏற்றினால் அது டிரம் மைக்குகளில் புகுந்து கூடத்தின் ஒலியையே கலக்கும். காதின் கணக்கு இன்னும் மோசம். அமெரிக்காவின் பணியிட நலவாழ்வு ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம் என்றும், 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும் என்றும் சொல்கிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கிடைப்பது 15 நிமிடம். டிரம் செட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தவருக்கு 100 என்பது முதல் பாட்டிலேயே வந்துவிடும்.

இதற்கு மாற்று, மானிட்டர் ஒலியைக் காதுக்குள்ளேயே தரும் இன்-இயர். ஃபோம் முனையுள்ள பொது அளவு இன்-இயர் ஒன்றை இரண்டு ஆண்டுகள் வைத்திருந்தேன். வியர்வை இறங்கியதும் அது காதிலிருந்து மெல்ல நழுவும். கையில் குச்சிகள் இருக்கும்போது அதை அழுத்திவிட வழியில்லை. அதனால்தான் காதுக்கு அளவெடுத்துச் செய்வதற்கு மாறினேன். இந்தப் பொருள் பிறந்ததில் ஒரு டிரம்மருக்குப் பெரும் பங்கு உண்டு: அமெரிக்க ராக் குழுவான வான் ஹேலனின் மானிட்டர் பொறியாளராக இருந்த ஜெர்ரி ஹார்வி, 1995-ல் அதன் டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காகச் செய்ததிலிருந்துதான் இன்-இயர் தயாரிக்கும் அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம் தோன்றியது.

வாங்குவோர் முதலில் பார்ப்பது ஒவ்வொரு காதிலும் எத்தனை டிரைவர் (ஒலியெழுப்பும் சிறு பாகம்) என்பதைத்தான். நானும் அப்படித்தான் பார்த்தேன். இப்போது யாராவது கேட்டால், டிரைவரை எண்ணுவதற்கு முன் காதின் அச்சை (கூடு செய்வதற்கான அளவு வார்ப்பை) யார் எடுக்கிறார் என்று விசாரிக்கச் சொல்வேன். என் முதல் அச்சைக் காது கேட்கும் கருவி விற்கும் ஒரு நிலையத்தில் எடுத்தார்கள். வாயை மூடி அசையாமல் உட்காரச் சொன்னார்கள், சில நிமிடங்களில் வேலை முடிந்தது. ஆறு வாரம் காத்திருந்து கைக்கு வந்த இன்-இயரின் கூடு, வீட்டில் கச்சிதமாகப் பொருந்தியது. மேடையில் 'ஒன், டூ' என்று வாயால் எண்ணத் தொடங்கியதும் தாடை அசைந்தது, இடது காதில் காற்று புகுந்தது, கிக் டிரம் காணாமல் போயிற்று. ஒலிக்கசிவு ஏற்பட்டால் முதலில் ஓடிப்போவது தாழ்ந்த ஒலிகள்தான். டிரம்மருக்கு அதுதான் உயிர்நாடி. அது குறைந்ததும் கை தானாக வால்யூமைத் திருகும், காதைக் காப்பாற்ற வாங்கிய பொருளே காதைக் கெடுக்கும்.

இரண்டாவது முறை, இசைக்கலைஞர்களுக்கு அச்செடுத்துப் பழகிய ஒரு செவியியல் நிபுணரிடம் போனேன். அவர் முதலில் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துக் குறும்பியை எடுத்தார். நூல் கட்டிய சிறிய பஞ்சைக் காதுக்குழாயின் இரண்டாவது வளைவைத் தாண்டி வைத்தார். பிறகு வாய் திறந்த நிலையிலேயே அச்சு விழும்படி பற்களுக்கு நடுவே ஒரு கட்டையைக் கடிக்கக் கொடுத்துவிட்டு, சிலிக்கான் பசையை உள்ளே செலுத்தினார். ஜில்லென்று உள்ளே இறங்கிய பசை உலகத்தின் சத்தத்தை ஒவ்வொன்றாக அணைத்தது. ஐந்து நிமிடம் என் மூச்சு மட்டும் கேட்டது. வெளியே எடுத்த அச்சில் இரண்டு வளைவுகளும் தெளிவாகத் தெரிந்தன. தயாரிப்பாளர்கள் பலரும் குறிப்பிட்ட நாட்களுக்குள் கூட்டை இலவசமாகத் திருத்தித் தருகிறார்கள். என் கூடும் அப்படித்தான் திருந்தி வந்தது, போகவர ஆன தபால் செலவு மட்டும் என் தலையில்.

கூடு அக்ரிலிக்கா, சிலிக்கானா என்பது அடுத்த கேள்வி. சிலிக்கான் மென்மையானது, தாடையோடு சேர்ந்து வளையும். ஆனால் பழுதானால் திறந்து சரிசெய்வது கடினம். நான் அக்ரிலிக்கையே எடுத்தேன், அச்சு சரியாக அமைந்தபின் வருத்தமில்லை. டிரைவரில், தாழ்ந்த ஒலிக்கு ஒரு டைனமிக் (சாதாரண ஸ்பீக்கரைப் போன்றது), உயர்ந்த ஒலிகளுக்கு இரண்டு பேலன்ஸ்டு ஆர்மச்சர் (காது கேட்கும் கருவிகளில் உள்ள நுண்ணிய வகை) என்ற கலவை எனக்குப் போதுமானதாக இருக்கிறது. டைனமிக் டிரைவர் காற்றைத் தள்ளுவதால் கிக்கில் ஒரு கனம் வருகிறது. பத்து, பன்னிரண்டு டிரைவர் வைத்தவற்றையும் நண்பர்களிடம் வாங்கிக் கேட்டிருக்கிறேன். அந்த நுணுக்கம், ஹை-ஹாட்டுக்கு (காலால் மூடித் திறக்கும் இரட்டைச் சிம்பலுக்கு) அருகில் உட்கார்ந்து வாசிக்கும் எனக்குப் பயன்படவில்லை.

அடைப்பு நன்றாக இருப்பதில் ஒரு சங்கடமும் உண்டு. மைக் வைக்காத எதுவும் இனி கேட்காது. சிறிய கச்சேரிகளில் சவுண்ட்காரர் கிக்குக்கு ஒன்று மட்டும் வைத்துவிட்டுப் போவார். நான் இப்போது டிரம்ஸுக்கு மேலே வைக்கும் ஓவர்ஹெட் மைக் ஒன்றைக் கையோடு கொண்டுபோகிறேன், அதுவே மேடைப் பேச்சையும் கொஞ்சம் பிடித்துத் தருகிறது. பாடகர் திரும்பி 'மறுபடி பல்லவி' என்று சொன்னதைத் தவறவிட்டு, நான் மட்டும் சரணத்துக்குள் நுழைந்த ஒரு மாலைக்குப் பிறகு வந்த பழக்கம் இது. இன்-இயர் தயாரிக்கும் 64 ஆடியோ நிறுவனத்தின் சில மாதிரிகளில் 15 அல்லது 20 டெசிபல் மட்டும் தடுக்கும் மாற்று அடைப்பான்கள் வருகின்றன. மேடையில் பேச்சு அதிகமுள்ள குழுக்களுக்கு அது பொருந்தலாம். ஒரு காதைக் கழற்றி வைத்து வாசிப்பது மட்டும் வேண்டாம்: திறந்த காது சிம்பல்களை நேராக வாங்கும், மூடிய காதுக்கு வால்யூம் ஏறும்.

டிரம்மர் இடத்தைவிட்டு நகராததால் வயர்லெஸ்ஸுக்குச் செலவழிக்கவில்லை. இரண்டு சிறு பேட்டரிகளில் ஓடும் பெரிங்கர் பவர்பிளே பி2 என்ற சிறு ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் இடுப்பில் இருக்கிறது. டிஜிட்டல் மிக்சராக இருந்தால் எனக்கு ஒலி வரும் ஆக்ஸ் வழியில் லிமிட்டர் (ஒலி ஓர் அளவைத் தாண்டாமல் தடுப்பது) போடச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாராவது மைக்கைக் கீழே போட்டால் அந்த வெடிப்பு நேராகச் செவிப்பறைக்குத்தான் வரும். கேபிளைக் காதுக்கு மேலே சுற்றிச் சட்டைக்குள் முதுகுவழியாக இறக்க வேண்டும். முன்னால் தொங்கவிட்ட முதல் நாளே ஸ்னேருக்கு இறங்கிய குச்சி அதை வாரிக்கொண்டு போனது.

விலைப்பட்டியலில் கண்ட தொகையோடு சுங்கவரியும் சேர்ந்துகொள்ளும் என்பதை வெளிநாட்டில் சொல்லிச் செய்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும். கச்சேரி முடிந்ததும் துடைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்ட டப்பாவில் வைக்கிறேன். குழாய்முனையில் சேரும் குறும்பியைச் சிறு தூரிகையால் எடுக்கிறேன். ஒருநாள் அதை மறந்தேன். இடைவேளைக்குப் பின் வலது காது அடைத்துக்கொண்டது, பழைய ஃபோம் முனை இன்-இயர்தான் அந்த இரவைக் கரைசேர்த்தது. அது இன்னும் குச்சிப் பையில் இருக்கிறது.