அற்றெனலோலா, அம்லோடிப்பினா: தவறவிட்டால் எது பொறுக்கும்?

உயர் குருதியமுக்கத்துக்காகக் கிளினிக்குகளில் கொடுபடும் குளிசைகளுள் அற்றெனலோல், அம்லோடிப்பின் இரண்டுமே விலை குறைந்தவை. நாளுக்கு ஒருமுறை விழுங்கினால் போதுமானவை. ஆகவே விலையையும் வசதியையும் வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. முதலாவதைப் பல வருடங்கள் பாவித்த பின்னர் வைத்தியரின் சம்மதத்துடன் இரண்டாவதற்கு மாறியவன் என்பதால் என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதயத்தில் வேறு வருத்தமின்றிக் குருதியமுக்கம் மட்டும் உள்ள ஒருவருக்கு, அதிலும் வட இலங்கையின் வன்னியில் வாழ்பவருக்கு, அம்லோடிப்பினே பொருத்தமானது.

அற்றெனலோல் பீற்றா தடுப்பி வகையைச் சேர்ந்தது; அதாவது, இதயத்தை வேகமாகத் துடிக்கவைக்கும் அட்றினலின் என்ற சுரப்பின் வேலையைத் தடுப்பது. களைப்பு, கைகால் குளிர்தல், இதயத்துடிப்பு மந்தமாதல், சில ஆண்களுக்கு ஆண்மைக் குறைவு ஆகியவை அதன் அறியப்பட்ட பக்கவிளைவுகள். ஆஸ்துமா உள்ளவருக்கு இந்த வகை மருந்து மூச்சுக்குழாயை இறுக்கிவிடக்கூடும். கண்ணழுத்தத்துக்கு விடும் ரைமொலோல் சொட்டு மருந்தும் இதே வகைதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இன்சுலின் போடும் நீரிழிவு நோயாளிக்குச் சீனி திடீரெனக் குறையும்போது வரும் நெஞ்சுப் படபடப்பை இது மறைத்துவிடும். பெரும்பாலும் வியர்வைதான் எச்சரிக்கையாக எஞ்சும்.

இவையெல்லாம் வைத்தியர் விசாரித்துத் தவிர்க்கக்கூடியவை. என்னை மாறவைத்தது வேறொன்று. அற்றெனலோலைத் திடீரென நிறுத்தக்கூடாது. அட்றினலினை உணரும் ஏற்பிகளை மருந்து நாளாந்தம் அடைத்து வைத்திருப்பதனால் இதயம் அவற்றைக் கூடுதலாக உண்டாக்கிக்கொள்கிறது. மருந்து சட்டென்று நின்றால், பெருகிய அந்த ஏற்பிகள் எல்லாம் ஒரேயடியாகத் திறந்துவிடுகின்றன. துடிப்பு எகிறும், அமுக்கம் ஏறும், இதயத்தமனி ஏற்கெனவே ஒடுங்கியிருந்தால் நெஞ்சுவலியும் மாரடைப்பும் கூட வரலாம். அமெரிக்காவில் இந்த எச்சரிக்கை மருந்துக் குறிப்பிலேயே கட்டம் கட்டி அச்சிடப்படுகிறது. உடலில் உள்ள அற்றெனலோல் பாதியாகக் குறைய 6 முதல் 7 மணித்தியாலங்களே எடுக்கும். இரண்டு நாள் தவறினால் அநேகமாக ஒன்றுமே மிஞ்சாது. அம்லோடிப்பினுக்கு அதே அளவு குறைய 30 முதல் 50 மணித்தியாலங்கள் தேவை. இரண்டு நாள் தவறினாலும் மூன்றிலொரு பங்கு முதல் பாதிவரை உடலில் இருக்கும். அமுக்கம் மெல்ல ஏறுமே தவிர, துள்ளி எழாது.

குளிசை தவறுவது இங்கே நோயாளியின் அசட்டையால் மட்டும் நிகழ்வதன்று. உட்கிராமத்திலிருந்து கிளிநொச்சிக்கோ மாங்குளத்துக்கோ முல்லைத்தீவுக்கோ கிளினிக்குக்குப் போக ஒரு பகல் முழுதும் வேண்டும். அந்த நாள் அறுவடையோடு மோதினால் எது பிந்தும் என்பது விவசாயக் குடும்பங்களுக்குத் தெரியும். 2018 மார்கழியில் இரணைமடுக் குளம் நிரம்பி வெள்ளம் பரவியபோது பல வீதிகள் மூடப்பட்டன. 2022 பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் மருந்துக்கே தட்டுப்பாடு வந்தது. இத்தகைய இடத்தில், தவறினால் தண்டிக்கும் மருந்தை விடச் சற்றுப் பொறுத்துக்கொள்ளும் மருந்தே நல்லது என்று நினைக்கிறேன்.

சிறுநீரகமும் கணக்கில் வருகிறது. அற்றெனலோல் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீரகம் பழுதடைந்தவரில் அது உடலிலேயே தேங்கித் துடிப்பை அளவுக்கு மேல் குறைக்கும். அளவைக் குறைத்தே கொடுக்க வேண்டும். காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் வவுனியாப் பக்கமும் காணப்படுவதால் இது ஏட்டுச் செய்தி அன்று. அம்லோடிப்பின் ஈரலில் சிதைவதால் அந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்றையும் வயலில் இறங்குபவர்கள் அறிந்திருக்க வேண்டும். பாம்புக் கடிக்கு ஏற்றும் விஷமுறி மருந்து குதிரையின் குருதியிலிருந்து தயாராவதால் பலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். அப்போது உயிர்காப்பது அட்றினலின் ஊசிதான். பீற்றா தடுப்பி, குறிப்பாகப் புரொப்பிரனலோல், பாவிப்பவரில் அந்த ஊசி எதிர்பார்த்த அளவுக்கு வேலை செய்யாமல் போகலாம். எனவே கடிபட்டவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்பவர்கள் கடித்த பாம்பைப் பற்றிச் சொல்வதுபோலவே, அவர் பாவிக்கும் மருந்துகள் எழுதப்பட்ட கிளினிக் கொப்பியையும் காட்டுவது அவசியம்.

அம்லோடிப்பினுக்கும் குறையுண்டு. கணுக்கால் வீங்கும், 10 மில்லிகிராமில் அது கூடுதலாகத் தெரியும். எனக்கும் மாலையில் செருப்பு இறுகியது. சிறுநீர் போக்கும் குளிசை இந்த வீக்கத்துக்குப் பெரிதாக உதவாது. அளவை 5 ஆக்கி, கூடவே லோசாட்டன் என்ற இன்னொரு குருதியமுக்கக் குளிசையைச் சேர்த்ததும் எனக்கு வீக்கம் தணிந்தது; லோசாட்டனைத் தனியாகப் பாவித்த அனுபவம் எனக்கில்லை. லோசாட்டனைக் கருவுற்ற பெண்கள் எடுக்கக்கூடாது; அதை எடுப்பவரின் குருதியில் பொற்றாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாற்றினினும் இடைக்கிடை பரிசோதிக்கப்பட வேண்டும்.

மாரடைப்பு வந்தவர், இதயச் செயலிழப்பு உள்ளவர், துடிப்பு ஒழுங்கற்றவர் ஆகியோருக்கு என் கணக்கு பொருந்தாது. பிசோபிரலோல், கார்வெடிலோல் போன்ற பீற்றா தடுப்பிகள் செயலிழந்த இதயத்துக்கு ஆயுளையே நீட்டுபவை. பிரித்தானிய வழிகாட்டல் 2006இல் பீற்றா தடுப்பியை முதல் தெரிவிலிருந்து இறக்கியது, வேறு காரணமின்றிக் குருதியமுக்கம் மட்டும் உள்ளவர்களைப் பொறுத்தே. மாற விரும்புபவர் கையிருப்பிலுள்ள அற்றெனலோலைத் தானாக விட்டுவிடாமல், வைத்தியரிடம் சொல்லி ஓரிரு வாரங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அந்த நாட்களில் மண்வெட்டி வேலை, மூட்டை தூக்குதல் ஆகியவற்றைத் தள்ளிவைத்து, நெஞ்சில் இறுக்கம் தெரிந்தால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும்.