வைஃபையா, பிஓஇ கேபிளா: மின்தடை மிகுந்த ஊரில் வீட்டுக் கேமரா

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவுக் கணவாயை நோக்கிச் செல்லும் சாலையின் இருபுறமும் வயலும் தென்னந்தோப்புமாக இருப்பதால் வீடுகள் ஒன்றுக்கொன்று தள்ளியே அமைந்திருக்கின்றன. பிள்ளைகள் வளைகுடாவிலோ திருவனந்தபுரத்திலோ வேலை பார்க்க, வயதான பெற்றோர் மட்டும் இருக்கும் வீடுகளும் பெருகிவிட்டன. எங்கள் வீட்டுக்கு நான்கு கேமராக்கள் வேண்டும் என்று முடிவான பிறகு, கடைகளில் கிடைக்கும் மூன்று முறைகளையும் எடைபோட்டுப் பார்த்து, படமும் மின்சாரமும் ஒரே கேபிளில் செல்லும் பிஓஇ முறையைத் தேர்ந்தெடுத்தோம். அந்தத் தேர்வில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

டிவி கேபிள் போன்ற கோஆக்சியல் கேபிளும் டிவிஆர் என்ற பதிவுப் பெட்டியும் கொண்ட பழைய முறையைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. விலை குறைவு, மாட்டத் தெரிந்தவர்கள் தென்காசியிலும் புனலூரிலும் எளிதில் கிடைப்பார்கள். அந்தக் கேபிள் ஏற்கெனவே ஓடும் வீட்டில் அதைப் பிடுங்கி எறிவது வீண் செலவு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு உண்மையான போட்டி வைஃபைக்கும் பிஓஇக்கும் இடையில்தான்.

வைஃபை கேமராவின் வசதியை நான் மறுக்கவில்லை. சுவரைத் துளைக்க வேண்டியதில்லை, வாடகை வீட்டிலிருந்து கழற்றிச் செல்லலாம், கூடத்துக்கு ஒன்று மட்டும் போதுமென்றால் அதைவிட எளிய வழி இல்லை. ஆனால், ‘வயர் இல்லாதது’ என்று விற்கப்பட்டாலும், பேட்டரியில் இயங்குபவை தவிர மற்ற எல்லாவற்றுக்கும் மின்சாரம் தர ஒரு வயர் வந்தே ஆக வேண்டும். ஆடிக் காற்றில் தென்னை மட்டை கம்பியில் விழுந்தாலே மின்சாரம் போய்விடுகிற எங்கள் பகுதியில், அந்த வயர் எந்த லைனிலிருந்து வருகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பெரும்பாலான வீடுகளில் இன்வெர்ட்டர் லைன் கூடத்து விளக்குக்கும் படுக்கையறை மின்விசிறிக்கும் மட்டுமே இழுக்கப்பட்டிருக்கும். வாசல் கேட் விளக்கோ, பின்கட்டுத் தொழுவத்தின் பிளக்கோ அதில் சேராது. ஆகவே மின்தடை வந்ததும், இருட்டில் எந்த இடத்தைப் பார்க்க வேண்டுமோ அந்த இடத்துக் கேமராதான் முதலில் அணைந்துபோகும்.

பிஓஇ முறையில் நான்கு கேமராக்களுக்கும் மின்சாரம் ஒரே இடத்திலிருந்து, படங்களைப் பதிவு செய்யும் என்விஆர் பெட்டியிலிருந்தோ, கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சிலிருந்தோ செல்கிறது. அந்த ஒரு பெட்டியை இன்வெர்ட்டர் லைனில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. பிஓஇக்கான 802.3ஏஎஃப் என்ற தரம் ஒவ்வொரு போர்ட்டிலும் 15.4 வாட் வரை தருகிறது. கேபிளில் இழப்புப் போகக் கேமராவுக்கு 12.95 வாட் உறுதி. இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போதும் சாதாரணக் கேமரா ஒன்றுக்கு 7 வாட் அளவே தேவைப்படும். நான்கு கேமராக்கள், என்விஆர், இணைய மோடம் ஆகிய அனைத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 50 வாட். பழைய சீலிங் ஃபேன் ஒன்று எடுப்பதைவிட இது குறைவு. நல்ல நிலையில் உள்ள 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலும் இது பத்து மணி நேரம் ஓடும். மோடத்தையும் அதே லைனில் வைப்பதை மறக்கக் கூடாது. இல்லையேல் பதிவு தொடர்ந்தாலும் வெளியூரில் இருக்கும் பிள்ளைகளால் படத்தைப் பார்க்க முடியாது. இன்வெர்ட்டரில் யுபிஎஸ் நிலை இருந்தால் அதில் வைக்க வேண்டும். மின்தடையின்போது பேட்டரிக்கு மாறும் நேரம் நீண்டால் என்விஆர் அணைந்து மீண்டும் தொடங்கும். அந்த இடைவெளியில் பதிவு இருக்காது.

தொலைவைப் பொறுத்தும் பிஓஇக்கே வலு அதிகம். மெல்லிய வயரில் 12 வோல்ட்டை 40 மீட்டர் தள்ளியிருக்கும் கேட்டுக்கு அனுப்பினால், அரை ஆம்பியர் ஓட்டத்தில் 3 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே இழந்துவிடுவோம். பகலில் ஒழுங்காகத் தெரியும் கேமரா, இரவு விளக்குகள் எரியத் தொடங்கியதும் அணைந்து அணைந்து எரிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பிஓஇ ஏறத்தாழ 48 வோல்ட்டில் அனுப்புவதால் மின்னோட்டம் மிகக் குறைவு. அதே தொலைவில் இழப்பு ஒரு வோல்ட்டைத் தொடாது.

இவை எல்லாம் கேபிள் அசல் செம்பாக இருந்தால் மட்டுமே பொருந்தும். கேபிள் வாங்கும்போது நுனியை உரித்து ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பார்க்க வேண்டும். உள்ளேயும் சிவந்திருந்தால் செம்பு. வெள்ளையாக மின்னினால் அது செம்பு பூசிய அலுமினியம், மின்சாரம் கொண்டுசெல்ல ஏற்றதல்ல. வெளிச்சுவரில் கேபிள் நுழையும் இடத்துக்குக் கீழே ஒரு வளைவு விட்டு மேலேற்றினால், சாரல் நீர் வளைவிலேயே சொட்டிவிடும், இணைப்புக்குள் இறங்காது.

இடி விஷயத்தில் பிஓஇக்கு ஒரு பலவீனம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மாலை நேர இடி மின்னலின்போது, கேட் வரை ஓடும் நீண்ட செம்புக் கேபிளில் தூண்டப்படும் மிகை மின்னழுத்தம் என்விஆர் வரை வந்து சேரலாம். கேபிளின் இரு முனைகளிலும் சர்ஜ் பாதுகாப்பான் வைத்து, அதற்கு முறையான எர்த் கொடுத்திருக்கிறோம். கண்ணாடி இழைக் கேபிளைப் பயன்படுத்தினால் இந்த வழி முற்றிலும் அடைபடும் என்றாலும், கேட்டில் தனியே மின்சாரம் வேண்டியிருக்கும். நாங்கள் அதைப் போட்டுப் பார்க்காததால், அனுபவத்திலிருந்து எதுவும் சொல்ல இயலாது.

பேட்டரியும் சூரியத் தகடும் கொண்ட கேமரா எங்கள் தோப்பு மோட்டார் அறையில் ஒன்று இருக்கிறது. பிஓஇ கேபிளின் எல்லை 100 மீட்டர். மோட்டார் அறை அதற்கு அப்பால் இருப்பதால் வேறு வழி இல்லை. அது தொடர்ந்து பதிவு செய்வதில்லை. ஆள் நடமாட்டத்தின் வெப்பத்தை உணர்ந்து விழிப்பதற்குள் சில நேரம் ஆள் பாதி தூரம் கடந்திருப்பார். ஆனி, ஆடிச் சாரலில் மலைமேல் மேகம் கவிந்து வெயிலே எட்டிப் பார்க்காத வாரங்களில் தகடு போதிய மின்சாரம் தராது. அந்த மாதங்களில் பேட்டரி அளவு கால்பங்குக்கு இறங்கியதும் கேமராவைக் கழற்றி வந்து வீட்டில் சார்ஜ் ஏற்றி மறுநாள் மாட்டுகிறோம்.