இடுப்பு எலும்பு முறிந்தால்: கட்டா, ஸ்க்ரூவா, மூட்டு மாற்றா?

நகரி, திருத்தணிப் பக்கம் யாருக்காவது எலும்பு முறிந்தால் முதலில் வாயில் வருகிற பேர் புத்தூர்க் கட்டுதான். பச்சிலை, முட்டை வெள்ளை, மூங்கில் பத்தை, துணிக்கட்டு. மணிக்கட்டு முறிந்து அந்தக் கட்டில் குணமானவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அந்த நம்பிக்கையில்தான் 78 வயதுப் பெரியம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்தபோதும் கட்டுப் போடத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வலது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. இடுப்பு முறிவின், அதாவது தொடை எலும்பின் மேல்முனை முறிவின், அடையாளமே அதுதான் என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியவில்லை. மூன்று வாரத்தில் படுக்கைப்புண். அப்புறம் நெஞ்சில் சளி. கட்டுப் போட்டவரைக் குறை சொல்ல மாட்டேன், முடிவு எங்களுடையது.

மணிக்கட்டைக் கட்டிவிட்டு ஆள் நடமாடலாம். இடுப்பு முறிந்தவர் படுத்தே கிடக்க வேண்டும். வயதானவரின் உயிரை எடுப்பது அந்தப் படுக்கைதான். அதனால், பெரும்பாலானவர்களுக்கு 24 முதல் 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து எழுப்பி உட்கார வைத்துவிடுவது நல்லது.

சரி, எந்த ஆபரேஷன்? எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது, எலும்பு எந்த இடத்தில் முறிந்திருக்கிறது என்பதை. தொடை எலும்பின் உச்சியில் ஒரு பந்து, அதற்குக் கீழே குறுகிய கழுத்து. அந்தக் கழுத்தை ஒட்டித்தான் பந்துக்கு ரத்தக் குழாய்கள் ஏறுகின்றன. கழுத்து முறிந்து விலகினால் அவை அறுந்துபோகும், பந்து செத்துவிடும் அபாயம் அதிகம். விலகாத முறிவுக்கு ஸ்க்ரூ போடலாம்: சின்னக் கீறல், குறைந்த ரத்த இழப்பு. ஆனால் எலும்பு ஒட்டாமல் போனால் மறுபடி ஆபரேஷன். விலகிவிட்டால் முதியவர்களுக்கு மூட்டு மாற்றே மேல்.

அதிலும் பந்தை மட்டும் மாற்றுவதா (பாதி மாற்று), பந்து உட்காரும் இடுப்புக் கிண்ணத்தையும் சேர்த்தா (முழு மாற்று)? 2019இல் வெளியான ஓர் ஆய்வில் 10 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 1,500 பேரைப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டுக்குள் மறு ஆபரேஷன் தேவைப்பட்டது முழு மாற்றில் 7.9 சதவீதம், பாதி மாற்றில் 8.3; பெரிய வித்தியாசமில்லை. முழு மாற்றில் நடமாட்டம் கொஞ்சம் மேல், ஆனால் மூட்டு நழுவுவது கூடுதல். என் கணக்கில், வீட்டுக்குள் நடக்கிற 80 வயதுக்காரருக்குப் பாதி மாற்றே போதும். தினமும் கொல்லைக்குப் போய் வருகிறவர் என்றால் முழு மாற்றைப் பற்றிக் கேளுங்கள். பாதி மாற்றில் புதுப் பந்தைத் தாங்கும் தண்டு தொடை எலும்புக்குள் இறங்கும்; அதை எலும்புச் சிமென்ட் வைத்துப் பொருத்தினால், பிறகு தண்டைச் சுற்றி எலும்பு உடைவது குறைவு.

கழுத்துக்குக் கீழே முறிந்தால் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும், எலும்பு ஒட்டும். லேசான முறிவுக்குப் பிளேட்டும் ஸ்க்ரூவும், நொறுங்கியதற்கு எலும்புக்குள் கம்பி.

போன வருஷம் மாமனாருக்குத் தொடை எலும்பின் கழுத்து முறிந்தபோது அன்றிரவே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பாதி மாற்று செய்த மறுநாள் காலை, வாக்கரைப் பிடித்துக் கட்டிலோரம் நின்றார்.